வடக்குச் சுவரின் நாலு வரி

நானூறு வருடமாக நாங்கள் போர்த்துக்கீசரைத் திட்டி வருகிறோம். திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்குப் பேச்சு வரப் பிந்தினாலும் இந்தத் திட்டு வரப் பிந்தாது. மலையில் நின்ற பெரிய கோயிலை உடைத்தான். தூண்களைக் கடலில் உருட்டினான். மிச்சக் கல்லைச் சுமந்துபோய்க் கோட்டை கட்டினான். கோட்டை வாசலால் மலைக்கு ஏறும்போதெல்லாம் எங்கள் கை தானாகச் சுவரைத் தொடும். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியின் கையையும் பிடித்துத் தொடவைப்போம். இது கோயில் கல், இதுவும் கோயில் கல். பக்கத்தில் மான்கள் பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கும். நானும் அப்படித் தொட்டுக் காட்டியிருக்கிறேன், குரல் தழுதழுக்க.

அந்தக் குரலை இப்போது எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியவில்லை. நான் கண்ணால் கண்ட உடைப்பு வேறு. அதற்குப் பீரங்கி வரவில்லை, கப்பல் வரவில்லை. நல்ல நாள் பார்த்து, ஐயரிடம் நேரம் கேட்டு, தேங்காய் உடைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினோம்.

கோயில் பெரிதல்ல. உள்துறைமுகத்துக்கு அக்கரையில், எண்ணெய்த் தாங்கிகளுக்கும் மா அரைக்கும் ஆலைக்கும் அப்பால், பற்றை மூடிய ஒரு மேட்டில் நிற்கிறது. கருவறையும் அதன் முன்னால் ஒரு சின்ன மண்டபமும்தான் பழைய கல். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பிறகு வந்த சொந்தக்காரர்கள்: தகரக் கூரை, கொங்கிறீட் தூண், நின்றுபோன மணிக்கூடு. கருவறைக்கு மேலே விமானம் செங்கல்லும் சுண்ணாம்பும். அது எத்தனை தரம் விழுந்து எத்தனை தரம் எழும்பியதோ, யாருக்கும் தெரியாது. கீழே கல் மட்டும் அசையவில்லை.

சோழர் காலம் என்பார்கள் சிலர். அதற்குப் பிந்தியது என்பார்கள் சிலர். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. எனக்கு அந்தச் சுவரில்தான் அக்கறை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து கிடையாது. பாரம் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இடையில் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூட நுழைக்க ஏலாது. அடியில் தட்டையாக ஒரு படை, அதன் மேல் பானை வயிறுபோல் உருண்ட ஒரு படை, அதன் மேல் சுற்றிவர ஓடும் ஒடுங்கிய பட்டி. அதிலிருந்து சுவர் எழும்புகிறது, அரைத்தூண்களோடும் அவற்றுக்கிடையில் ஆள் இல்லாத மாடங்களோடும். வேலைப்பாடு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. யாளி இல்லை, கொடிப்பெண் இல்லை. அளவுதான் அதன் அழகு. ஒவ்வொரு படையும் தன் கீழே ஒரு நிழற்கோடு போடும். காலையில் நூல் மாதிரி, உச்சியில் விரல் தடிப்பில். கட்டியவன் வெயிலையும் ஒரு கல்லாக எண்ணியே அடுக்கியிருக்கிறான்.

மலைக்கோயில் விழுந்தபோது இது எப்படித் தப்பியது? சிறிது என்று விட்டானோ, பற்றை மறைத்ததோ, அக்கரைக்குத் தோணி அனுப்ப அலுத்துப் பஞ்சிப்பட்டானோ. போர்த்துக்கீசனுக்குப் பிறகு ஒல்லாந்தன் வந்தான், இங்கிலீசுக்காரன் வந்தான், எங்கள் சொந்தச் சண்டை வந்தது. மேட்டுக்குக் கீழே ஷெல் விழுந்த பள்ளத்தில் இன்றைக்கும் மாரியில் தவளை கத்தும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அந்தச் சுவர் நின்றது. எங்களைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை.

வடக்குச் சுவரில், அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கோமுகைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் நாலு வரி எழுத்து இருந்தது. வடக்குச் சுவருக்கு வெயில் படுவது வருடத்தில் சில மாதந்தான், சூரியன் வடக்கே சாயும் மாதங்களில். அந்த மாதங்களில் உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது எழுத்து எழும்பி நிற்கும். மற்றக் காலத்தில் வெறும் கல்தான். தடவிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி கைக்குத் தெரியும்.

எனக்கு முப்பது வயதிருக்கும்போது, பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுப் படிப்பிக்கிற ஒரு அம்மா அதைப் படியெடுக்க வந்தார். நான் அன்றைக்கு வேறு அலுவலாகத்தான் அந்தப் பக்கம் போனனான். அவர் சுவரைத் தண்ணீரால் கழுவி, நனைந்த கடதாசியை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துக் கல்லுக்குள் இறக்கினார். பிறகு மை ஒற்றினார். கடதாசி கறுத்தது, எழுத்து வெள்ளையாக நின்றது. நிலத்தில் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். ஒரு பெண் இந்தக் கோயிலுக்கு அணையா விளக்கு ஒன்று வைத்திருக்கிறாள். சூரியனும் சந்திரனும் உள்ளவரை அது எரியவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். கடைசி வரியில், இந்தத் தருமத்தைக் காப்பாற்றுகிறவர் யாரோ, அவருடைய பாதம் என் தலைமேல் என்கிறாள். பழைய எழுத்துகளில் இப்படிச் சொல்வது வழக்கம்தான் என்றார் அந்த அம்மா. அவருக்கு அது வழக்கமாக இருக்கலாம். நான் அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

அவளுடைய பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் வரும் இடத்தில் கல் சில்லு பறந்திருந்தது. கொடி கட்ட யாரோ ஆணி அடித்திருக்க வேண்டும். இன்ன ஊரில் இருக்கும் இன்னாரின் மனைவி என்பது வரை இருந்தது, ஊரும் புருசனும் பத்திரமாக. அவளைத்தான் காணவில்லை.

திருப்பணி தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முந்திய தை மாதத்தில். கும்பாபிஷேகம் ஆனியில் என்று நாள் வைத்தார்கள். பாலஸ்தாபனம் செய்து, சுவாமியைக் கும்பத்தில் இறக்கி, பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டிலில் இருத்தினார்கள். மூலத்தானம் அதோடு வெறும் அறை. யாரும் உள்ளே போகலாம், ஏணி வைக்கலாம், சுவரை இடிக்கலாம். இது எங்கள் சாத்திரம் வைத்த வசதி. சாமி குடியிருக்கும்போது நகத்தால்கூடத் தொட மாட்டாதவர்கள், சாமி அடுத்த கொட்டிலுக்குப் போனதும் சுத்தியலோடு வந்துவிடுகிறார்கள்.

ஒருநாள் பின்னேரம் போனபோது வாசலில் மாபிள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். நீலம், நடுவில் ஒரு வெள்ளைப் பூ. எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கிற அதே பூ. தெற்குச் சுவரில் ஏற்கெனவே வெண்கட்டியால் பெரிய பெரிய சதுரங்கள் கீறியிருந்தார்கள். கொத்து வேலைக்கு வந்த மேசன் பாஸ் கட்டையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுத்தியலும் கூர் உளியும். கல்லில் மாபிள் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன்.

“இது கண்ணாடி மாதிரிக் கிடக்கு சேர், சீமெந்து பிடியாது. கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கித்தான் ஒட்டோணும். கொத்தாமல் ஒட்டினால் ஆறு மாசத்தில ஒவ்வொண்டாக் கழண்டு விழும், பிறகு என்னைத்தான் ஏசுவீங்கள்.”

அவரில் பிழை இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்ய விரும்பும் மனிதர். ஊரில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஆளிடம் போய் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறோமே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே பரிபாலன சபைத் தலைவரிடம் போனேன். ஓய்வுபெற்ற தபாலதிபர், நல்ல மனிதர், கோயிலுக்காக வெயிலில் அலைந்து கறுத்தவர். சபையின் மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். கல்லை மூட வேண்டாம் என்றேன். உலகம் முழுக்க ஆட்கள் இப்படிப்பட்ட சுவரைப் பார்ப்பதற்கு விமானம் ஏறிப் போகிறார்கள் என்றேன். எழுநூறோ எண்ணூறோ வருடத்துச் சுவருக்குக் குளியலறைப் பூ ஒட்டுவதா என்றேன். குரல் கொஞ்சம் கூடிப்போனது.

“தம்பி, உமக்குக் கல்லைக் கண்டால் கவிதை வருது,” என்றார் தலைவர். “எங்களுக்குப் பாசிதான் வருது. மாரிக்கு வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்ச மனிசிக்குப் போய் உம்மட கவிதையை வாசிச்சுக் காட்டுவீரோ?”

“நிலத்துக்கு ஒட்டுங்கோ அண்ணை. சுவர் ஒருத்தரையும் விழுத்தயில்லையே.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனால் அசையவில்லை. விசயம் பாசி அல்ல என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. விசயம் உபயம். எங்கள் கோயில்களில் பல்ப் போட்டாலும் உபயம், காற்றாடி போட்டாலும் உபயம், பூட்டுக்கும் திறப்புக்கும்கூட உபயம். ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் பெயர் இருக்கும். காற்றாடி சுழலும்போது பெயரும் சேர்ந்து சுழன்று வாசிக்க ஏலாமல் போகும், அது வேறு கதை. கல்லுச் சுவரில் பெயர் எழுத இடமில்லை. மாபிள் ஒட்டினால் இருக்கிறது. சுவரை அடி அடியாகப் பிரித்து, கீழிருந்து மேல்வரை ஒரு துண்டுக்கு ஒருவர் என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். கனடாவில் ஒருவர், சுவிசில் ஒருவர், நிலாவெளியில் ஒருவர், உவர்மலையில் ஒருவர். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் கறுத்த மாபிளில் தங்க எழுத்தில் பெயர்.

நான் எழும்பி நின்றேன். அந்தச் சுவரில் ஏற்கெனவே ஒரு உபயம் இருக்கிறது என்றேன். முதல் உபயம் அதுதான். அவளுடைய உபயத்தை உளியால் கொத்திவிட்டு அதன் மேல் உங்கள் உபயத்தை ஒட்டுவதற்குப் பெயர் திருப்பணி என்றால், அந்தப் போர்த்துக்கீசன் செய்ததற்கு என்ன பெயர்? அவன் வேற்றுச் சாமியைக் கும்பிட்டவன், இதை உடைத்தால் சொர்க்கம் கிடைக்கும் என்று நினைத்தவன். நீங்கள் கும்பிட்டுக்கொண்டே உடைக்கிறீர்கள்.

தலைவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவர் தபாலதிபராக இருந்தவர். பிழையான விலாசத்துக்கு வந்த கோபத்தைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவர். மெதுவாகத்தான் கதைத்தார். எழுத்து இருக்கிற துண்டை மட்டும் விடலாம், தனக்கு மறுப்பில்லை, உபயகாரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“ஆர் அந்த உபயகாரர்?” என்றேன். லண்டனாக இருந்தாலும் அன்றிரவே தொலைபேசியில் கோல் எடுத்துக் கதைக்கிற வேகம் எனக்கு.

“உம்மட அக்கா,” என்றார்.

அந்த ஒரு சொல்லோடு என் கோபம் அறைக்குள் நிற்க இடமில்லாமல் அலைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். இதையெல்லாம் கேட்கிறவர்கள் ஏன் அரசாங்கத்துக்கு எழுதவில்லை என்று கேட்கிறார்கள். எழுதினேன். உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தபால் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் கை போகும், திரும்பி வரும். எங்கள் பக்கத்தில் பழைய கல் இருக்கிறது என்று வெளியே சொல்வதற்கே ஆட்கள் பயப்படுகிறார்கள். நாளைக்குத் தொல்பொருள் திணைக்களத்தார் வந்து ஒரு பலகை நடுவார்கள், நாளன்றைக்குக் கம்பி வேலி போடுவார்கள், அதற்குப் பிறகு கோயிலுக்குப் போக யாரிடம் கேட்பது? கல்லைக் காப்பாற்றக் கோயிலைக் கொடுப்பதா? மூடிவைத்தால் தப்பும் என்று நினைத்தும் சிலர் மாபிளுக்கு ஓம் என்று தலையாட்டினார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அந்தக் கடிதம் மழையில் நனைந்து சட்டையோடு ஒட்டிப்போனது. ஒரு சுவரை நேசிக்கிறவன் அதைப் பற்றி வாய் திறக்க ஏலாத ஊரை என்னவென்று சொல்வது?

அக்கா நகரத்தில், கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறா. போனபோது குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவ திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு நின்றா.

எங்கள் அம்மா அந்த இடத்தில்தான் நிற்பா. வெள்ளிக்கிழமைகளில் பஸ் எடுத்து அக்கரைக்குப் போய், சுற்றி வந்து, வடக்குப் பக்கம் சண்டேசுரருக்கு முன்னால் கை தட்டி, அந்தச் சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடுவா. அவவின் நெற்றி பட்ட இடமென்றே, அவவின் பெயரைப் போட, அக்கா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கியிருக்கிறா. எனக்கும் தெரியும் அந்த நிற்பு. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்துபோய், வேறொரு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அம்மா செத்தா. மழைக்குள் அவசர அவசரமாக எரித்தோம். சாம்பல் எடுக்க அடுத்த நாள் அங்கே போக விடவில்லை. அம்மாவின் பெயர் ஒரு பங்கீட்டு அட்டையில் இருந்தது, அதுவும் பிறகு தொலைந்துபோனது.

“விளக்கு வைச்ச அந்த மனிசிக்கு ஒரு கல்லு இருக்கு,” என்றா அக்கா. “எண்ணூறு வருசம் இருந்திட்டா. அம்மாவுக்கு என்ன இருக்கு, சொல்லு பாப்பம்.”

இதில் கோபப்பட யாருமில்லை என்பதே எனக்குப் பெரிய கோபமாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு நாலு வரி கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்ணின் நாலு வரியைத்தான் உரிக்கவேண்டுமா? இந்த ஊரில் வேறு சுவரே இல்லையா?

“அவவுக்கும் பேர் இல்லை அக்கா,” என்றேன். “கல்லில பேர் இருந்த இடம் உடைஞ்சுபோச்சு. புருசன்ர பேர் இருக்கு, ஊர்ப் பேர் இருக்கு.”

அக்கா மீனைத் திருப்பி வைத்தா. தண்ணீரை நிற்பாட்டினா. நெடுநேரம் கையைத் துடைத்தா.

“சரி விடு. அவ இருக்கட்டும். அம்மாவின்ரயை வேறெங்கையாவது போடச் சொல்லுறன்.” பிறகு விரலை நீட்டினா. “ஆனால் உன்ர கதையைக் கேட்டுத்தான் இடத்தை விட்டுத் தாறன். அந்த எழுத்துக்கு ஒண்டு நடந்தால் உன்னோட நான் கதைக்க மாட்டன்.”

நான் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிட்டேன். தலைவருக்கு வழியில் நின்று கோல் எடுத்துச் சொன்னேன். சந்தோசம் தம்பி, மேசனிட்டை நீரே சொல்லிவிடும் என்றார். கோயிலுக்குப் போய்ச் சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. மேசன் பாஸ் வேலை முடித்துப் போய்விட்டார். அவருடைய தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. நாளைக்கு வடக்குப் பக்கம் தொடங்குவார்கள் என்பது மட்டும் தெரியும். கட்டையில் ஒரு துண்டு வெண்கட்டி கிடந்தது.

அதை எடுத்து, அந்த நாலு வரியைச் சுற்றி ஒரு பெட்டி கீறினேன். நேரான கோடு, நாலு மூலையும் சரியாக. நான் வேலை செய்வது நில அளவைப் படம் கீறும் கந்தோரில். எங்களுடைய படத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கோடு போட்டால் இதை விலக்கு, இதில் கை வைக்காதே என்று அர்த்தம். கொத்த வேண்டாம் என்று இரண்டு சொல் எழுதுவோமா என்றும் யோசித்தேன். எழுதவில்லை. அவளுடைய எழுத்துக்குப் பக்கத்தில் என்னுடைய எழுத்தா என்று கூசியது. அப்படி ஒரு பவ்வியம் எனக்கு. அந்தப் பவ்வியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையவேண்டும்போல் இருக்கிறது. தள்ளி நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்தேன். பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

விடிய ஏழரைக்கு நான் மேட்டில் ஏறும்போதே சத்தம் கேட்டது. டொக் டொக் டொக் என்று சின்னச் சத்தம், தேங்காய்ச் சிரட்டையில் தட்டுவதுபோல. ஓடினேன். மேசன் பாஸ் சம்மணம் கட்டி இருந்து, நான் கீறிய பெட்டிக்குள், மேலிருந்து கீழாக, ஒழுங்காக, ஒரு புள்ளி பிசகாமல் கொத்திக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை. மூன்று வரி முடிந்திருந்தது.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “விடியவே வந்திட்டீங்கள் சேர். நீங்கள்தானே கீறினது? நல்ல நேர்க் கோடு. அதுதான் இதிலயே தொடங்கினனான்.”

அவருடைய தொழிலில், வெண்கட்டியால் சுற்றிவரக் கீறிய இடம் கொத்தவேண்டிய இடம். தெற்குச் சுவரில் அந்தச் சதுரங்களை நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தேன், அது என்ன என்று கேட்கவில்லை. மாபிளின் பூவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். போர்த்துக்கீசனைத் திட்டினேன், சபையைத் திட்டினேன், கனடாவைத் திட்டினேன், ஒரு மேசனிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானூறு வருடமாக ஒரு படையும் தேடிவந்து உடைக்காத கல்லை நான் அளவெடுத்துக் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

நிலத்தில் கல் மா சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதை அள்ளினேன், எதற்கென்று தெரியாமல். மேசன் பாஸுக்கு விசயம் விளங்கியபோது அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேவிட்டார். அவரைத் தேற்றுகிற வேலையும் எனக்கு வந்தது. படம் எடுத்தேனே, அதுவாவது இருக்குமென்று தொலைபேசியைத் திறந்தேன். மாசி மாதம், பின்னேரம், வெயில் இல்லாத சுவர். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வெண்கட்டிக் கோடு மட்டும் பளிச்சென்று இருந்தது. முன்பு படியெடுத்த அந்த அம்மாவைத் தேடிப் பார்த்தேன். ஓய்வுபெற்று நாட்டை விட்டுப் போய்விட்டார், கடதாசி எங்கே என்று தெரிந்தவர் இல்லை.

தலைவர் மத்தியானம் வந்தார். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தோளில் கை வைத்து, ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், பின்னேரத்துக்குள் மாபிளை ஒட்டிவிடச் சொல்கிறேன், அக்காவின் உபயமும் பழையபடி அந்த இடத்திலேயே வரட்டும் என்றார். அம்மாவின் பெயர் பொறித்த கறுத்த மாபிள் பெட்டியில் ஆயத்தமாக இருந்தது. அதை ஒட்டினால் எல்லாம் சரி. கொத்து மறையும், என் வெட்கம் மறையும், அக்கா ஆசைப்பட்டதும் கிடைக்கும். ஒரு நிமிடம் மனம் அங்கே போய் உட்கார்ந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு, என் பிழையை மூட அம்மாவையா பிடித்து முன்னால் நிறுத்துவது என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஒட்ட வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்றேன். கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவ முழுக்கக் கேட்டா. “நான் விட்டுத் தந்தது இதுக்கோ?” என்றா. பிறகு சொன்னபடியே கதைக்கவில்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரை வருடப் பிறப்புக்குக்கூடக் கைவிசேசக் காசு வாங்க என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவின் மாபிளைக் கால் கழுவும் குழாயடியில் பதித்தார்கள் என்று வேறு ஆள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனியில் கும்பாபிஷேகம். மேளமும் சனமும் தண்ணீர்ப் பந்தலும். சுவர் முழுக்க நீலம் மினுங்கியது, தங்கப் பெயர்கள் மினுங்கின, வெள்ளைப் பூக்கள் வரிசையாகச் சிரித்தன. அந்தக் கல் அடுக்கு, அந்த நிழற்கோடு, ஒன்றும் இல்லை. பானை வயிற்றுப் படையைச் சதுர மாபிளால் மூட ஏலாது என்று சீமெந்து பூசி நேராக்கிவிட்டார்கள். கட்டியவன் அளவெடுத்து வைத்த வெயில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்லாயிருக்கு, கோயில் இப்பதான் கோயில் மாதிரி இருக்கு என்றார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் போய் நின்றேன்.

நீலத்துக்கு நடுவில் அந்தத் துண்டு மட்டும் கல்லாகக் கிடந்தது. ஆனி மாதத்து உச்சி வெயில் சுவரை உரசி இறங்கியது. மூன்று வரி இருந்த இடத்தில் கொத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழும்பி நின்றன, மழை பெய்த மணல் மாதிரி. அதற்குக் கீழே தப்பிய கடைசி வரி. யாருடைய பாதமோ என் தலைமேல் என்று அவள் சொன்ன அந்த வரி மட்டும். எந்தத் தருமம், என்ன விளக்கு, ஒன்றும் இல்லை. பாதத்துக்குக் காத்திருக்கும் தலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அக்காவும் வந்திருந்தா. சண்டேசுரருக்குக் கை தட்டிவிட்டு, அம்மா நின்ற இடத்தில் நின்றா. என்னைப் பார்க்கவில்லை.

பட்டுச் சேலையோடு சுற்றி வந்த ஒரு அம்மா, வெளிநாட்டிலிருந்து வந்தவவாக இருக்கவேண்டும், தன் குடும்பத்துப் பெயரைத் தேடிக்கொண்டு வந்தவ, அந்தத் துண்டுக்கு முன்னால் நின்று முகத்தைச் சுளித்தா.

“இது ஆரின்ர உபயம்? அரைகுறையில விட்டிருக்கினம்.”

“என்ர,” என்றேன்.

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பக்கத்தில் அக்கா தொண்டையைச் செருமினா. நாலு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல்.

“இடம் என்ர உபயம்,” என்றா அக்கா அந்த அம்மாவிடம். “கொத்தினதுதான் இவன்ர உபயம்.”